ஈ, தா, கொடு

விருத்தாசலத்துக்கு மேற்கே, பெரும்பாலும் வானம் பார்த்த பூமியாகவே கிடக்கும் மங்களூர்ப் பகுதியில் நான் சிறுவனாக இருந்தபோது, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பாக, புதுப் பானை ஒன்று வாங்கிவரும்படி என் பாட்டி என்னைக் குயவர் வீட்டுக்கு அனுப்பினாள். எனக்கு ஏழு பிராயம் இருக்கும். வாசல் வேப்பமரத்தடியில் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே மண்ணை உயர்த்திக்கொண்டிருந்த கிழவருக்கு என் பாட்டனாரைக் காட்டிலும் வயது அதிகம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவரிடம் பேசுகிற தோரணை ஒன்றைத் தவிர வேறு தோரணை உண்டென்று அறியாத நான், தெருவில் நின்றபடியே, "டேய், ஒரு பானை குடுடா" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். சக்கரம் தன் வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கையின் ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து, "தரேன் சின்னய்யா" என்று சொல்லி, அடுக்கியிருந்த பானைகளில் ஒன்றை எடுத்து, மடக்கிய விரலால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டு, கணீரென்ற ஓசை வந்த பிறகே என் கையில் கொடுத்தார்.

இரண்டே வாக்கியங்கள்தாம். ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களில் ஏழு வயதுப் பையன் தகப்பனாகவும், எழுபது வயதுக் கிழவர் பிள்ளையாகவும் ஆகிவிட்ட விபரீதம் எனக்குப் புலப்படுவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. பேசுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் இடையே ஒரு சொல் போய் ஒரு சொல் வருவதை ஒரு பரிவர்த்தனையாகக் கருதி, அந்தப் பரிவர்த்தனையின்போது ஒவ்வொருவரும் தகப்பனாக நின்று பேசுகிறார்களா, பிள்ளையாக நின்று பேசுகிறார்களா, அல்லது வயது வந்த மனிதராக நின்று பேசுகிறார்களா என்று கவனிப்பதையே முறையாகக் கொண்ட ஒரு மனோதத்துவ சித்தாந்தம் சென்ற நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர் எரிக் பெர்ன் என்னும் வைத்தியர். அவருடைய சித்தாந்தத்தை முதன்முதல் படித்தபோது எனக்குத் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் நினைவுக்கு வந்தது. சொல்லதிகாரத்தை மறுபடியும் எடுத்துப் படித்தபோது குயவர் வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது.

சொல்லதிகாரத்தின் கடைசிப் பகுதியான எச்சவியலில், ஒருவன் மற்றொருவனிடம் ஒன்றை வேண்டிக் கேட்பதற்குத் தமிழில் உள்ள மூன்று வினைச்சொற்களைப் பற்றித் தொல்காப்பியர் விதி கூறுகிறார். கேட்பவன் கொடுப்பவனைவிடத் தாழ்ந்தவனானால் 'ஈ' என்று கேட்பான். ஒத்தவனானால் 'தா' என்பான். உயர்ந்தவனானால் 'கொடு' என்பான். கேட்கப்படும் பொருள் ஒன்றே, கேட்கும் செயலும் ஒன்றே. இருவருக்கும் நடுவிலுள்ள உறவு எத்தகையது என்பதை மட்டுமே அந்த வினைச்சொல் வெளியிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் இவ்விதியை அப்படியே எடுத்தாண்டார். ஆகையால் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இலக்கணம் ஓதிய பிள்ளைகளுக்கெல்லாம் மனிதர்களின் ஏற்றத்தாழ்வைப் பற்றிய இந்தப் பாடம் சொற்பாடத்தோடு சேர்ந்தே மனத்தில் பதிந்தது.

அதைவிட நுட்பமான வேறொன்றையும் தொல்காப்பியர் உடன் சொல்லியிருக்கிறார். தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்பது அவருடைய பொது விதி. அவ்வாறாயின், உயர்ந்தோன் தனக்கே ஒன்றைக் கேட்கும்போது 'தா' என்னாமல் 'கொடு' என்பது எப்படிப் பொருந்தும்? தன்னையே பிறன் ஒருவன்போல வைத்துப் பேசுகிற குறிப்பினால் அது பொருந்தும் என்று விடை கூறுகிறார். அதாவது, அதிகாரத்தோடு கேட்பவன் 'எனக்கு வேண்டும்' என்று தன் தேவையோடு எதிராளியின் முன் நிற்பதில்லை. தன்னைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, அங்கே நிற்கும் அந்தப் பெரியவனுக்கு இதைச் சேர்ப்பி என்கிறான். நான் இந்தச் சூத்திரத்தின் பொருளை எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஒருவன் இன்னொருவனைத் தாழ்த்திப் பேசுகிற க்ஷணத்தில் தானும் தன்னைவிட்டு விலகிப்போகிறான் என்பதை இலக்கண விதியாக எழுதிவைத்த நூல் வேறெங்கேனும் இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகமே.

எரிக் பெர்ன் 1910-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் தேதி கனடா தேசத்தின் மான்ட்ரியல் நகரில் பிறந்தவர். தகப்பனார் வைத்தியர், தாயார் எழுத்துத் தொழிலில் இருந்தவர். தகப்பனார் இளவயதிலேயே காலமாகிவிட, தாயின் பராமரிப்பில் வளர்ந்த பிள்ளை, தகப்பனாரின் தொழிலையே மேற்கொண்டு, 1935-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்று, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது ராணுவ வைத்தியராகப் பணியாற்றிய அவருக்கு, யுத்த முடிவில், சேவையிலிருந்து விடுவிக்கப்படும் சிப்பாய்களைப் பரிசோதிக்கும் வேலை வாய்த்தது. ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் வரிசையாக வருவார்கள். ஒருவருக்கு ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் ஒதுக்க இயலாது. அந்தச் சொற்ப நேரத்துக்குள், முகத்தையும் கண்ணையும் பார்த்தே இவன் யுத்தத்துக்கு முன் என்ன தொழில் செய்தவன் என்று ஊகித்து, பிறகு கேட்டுச் சரிபார்ப்பதை அவர் ஒரு பழக்கமாக்கிக்கொண்டார். ஊகம் பலிக்கிறது, ஏன் பலிக்கிறது என்றுதான் தெரியவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த கட்டுரைகளே அவருடைய சித்தாந்தத்துக்கு அஸ்திவாரம். பானையைத் தட்டிப் பார்த்து, விரிசல் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாமலே இது கீறல் விழுந்தது என்று ஒதுக்கிவைக்கும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இந்த வித்தை ஆச்சரியமாக இராது. நல்ல பானைக்கு ஓர் ஓசை, பழுதானதற்கு வேறோர் ஓசை. கேட்டுப் பழகிய காதுக்கு அது போதும்.

அந்தப் பெர்ன் 1948-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார் என்ற செய்தி தமிழ் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திராது. மனநோய் என்பது தேசத்துக்குத் தேசம் மாறுபடுகிறதா, அல்லது உடையும் பாஷையும் மாறினாலும் உள்ளே ஒரே நோய்தானா என்று அறிய விரும்பிய அவர், கீழை நாடுகளின் மனநோய் ஆஸ்பத்திரிகளை நேரிற் காணப் பிரயாணம் செய்தபோது, சென்னை அரசாங்க மனநோய் ஆஸ்பத்திரிக்கும் வந்து பார்த்தார். மறு ஆண்டில் அமெரிக்க மனநோய் வைத்தியர்களின் சஞ்சிகையில் அந்தப் பிரயாணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். மனநோயின் அடிப்படை மனித குலம் முழுவதற்கும் பொதுவானது, பிரதேச வேறுபாடுகள் மேற்பூச்சுப் போன்றவை என்ற முடிவுக்கே அவர் நாளடைவில் வந்து சேர்ந்தார்.

அவர் வந்த ஆஸ்பத்திரியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். 1794-இல் புரசைவாக்கத்தில் வாலண்டைன் கோனலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி வைத்தியர் தொடங்கிய பைத்தியக்கார விடுதியே அதன் வித்து. 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்ற விசாலமான இடத்துக்கு அது வந்து சேர்ந்தது. 1922-இல் அதன் பெயரிலிருந்து பைத்தியம் என்னும் பொருள்படும் சொல்லை நீக்கி, மனநோய் ஆஸ்பத்திரி என்று மாற்றினார்கள்; 1978-இல் அது மனநல நிலையமாகப் பெயர் பெற்றது. பெயர் இத்தனை தடவை கௌரவமாக மாறியும், 'உன்னைக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்பணும்' என்ற வசவு மட்டும் நம் வாயிலிருந்து நீங்கவில்லை. நோயுற்றவன் ஒருவனுக்குச் சிகிச்சை கிடைக்கும் ஊரின் பெயரையே சாட்டையாக வீசுகிற இந்தப் பழக்கத்தை நினைக்கும்போதெல்லாம் என் மனம் புண்படுகிறது. எத்தனையோ குடும்பங்கள் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கத் தயங்கி, நோயாளியை வீட்டுக் கொட்டடியில் பூட்டிவைத்ததற்கு அந்த ஒரு வாக்கியமும் ஒரு காரணம்.

பெர்ன் சென்னையில் நின்றபோது, பின்னாளில் அவருடைய பெயரோடு சேர்ந்து விளங்கப்போகிற சித்தாந்தம் இன்னும் உருவாகவில்லை. அவர் பிராய்டின் வழியில் பயின்றுகொண்டிருந்த மாணாக்கரே. 1956-இல் சான்பிரான்சிஸ்கோ உளப்பகுப்பாய்வு நிறுவனம் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. பதினைந்து ஆண்டுக் காலப் பயிற்சிக்குப் பிறகு கிடைத்த அந்த நிராகரிப்பே அவரைத் தம் வழியே நடக்கச் செய்தது. 1957-இல் தம் புது முறையைச் சபையில் படித்தார். 1958-இல் அது அச்சாயிற்று. 1961-இல் வைத்தியர்களுக்காக ஒரு பெரிய நூலும், 1964-இல் 'மனிதர்கள் ஆடும் விளையாட்டுகள்' என்று பொருள்படும் தலைப்புடன் ஒரு சிறிய நூலும் எழுதினார். தொழிற் சகபாடிகளுக்காக எழுதிய அந்தச் சிறிய நூலைப் பொது ஜனங்கள் லட்சக்கணக்கில் வாங்கினார்கள். 1970-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அறுபதாம் வயதில், அவர் காலமானார்.

சித்தாந்தத்துக்கு வித்தாக அமைந்த ஒரு விருத்தாந்தத்தை அவரே கூறியிருக்கிறார். சிகிச்சைக்கு வந்த ஒரு வக்கீல், தாம் கேள்விப்பட்ட ஒரு சிறுவனின் கதையைச் சொன்னாராம். மாட்டுப் பண்ணைக்கு விடுமுறைக்கு வந்த சிறுவன் ஒருவன், பண்ணை வேலைக்காரர்களைப்போலவே உடையணிந்து, குதிரையின் சேணத்தை அவிழ்ப்பதற்கு ஒருவனுக்கு உதவி செய்தான். அவனும் சிறுவனைத் தன் தொழிலைச் சேர்ந்த ஆளாகவே பாவித்து நன்றி கூற, நான் அப்படிப்பட்டவன் அல்லன், நான் வெறும் சின்னப் பையன் என்று சிறுவன் பதில் சொன்னான். கதையைச் சொல்லி முடித்த வக்கீல், தமக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, தாம் வக்கீல் அல்லர், சின்னப் பையன்தான் என்றார். கோர்ட்டில் வாதாடித் திறமையாகக் கட்சி நடத்துகிறவரும், சில சமயம் விரலை வாய்க்குக் கொண்டுபோகிற பிள்ளையும் ஒரே உடம்பில் இருப்பதைப் பெர்ன் கண்டார். பிறகு அதே உடம்பில், அந்த வக்கீலின் தகப்பனார் பேசுகிற குரலும் ஒலிப்பதைக் கண்டார்.

ஆகவே மூன்று நிலைகள்: பெற்றோர் நிலை, வளர்ந்தோர் நிலை, பிள்ளை நிலை. பெற்றோர் நிலை என்றால், நாம் சிறு வயதில் கேட்டு வளர்ந்த பெரியவர்களின் அதட்டலும் அரவணைப்பும் நம் தொண்டையிலிருந்து அப்படியே வெளிப்படுவது. பிள்ளை நிலை என்றால், அப்போது நாம் பட்ட அச்சமும் பிடிவாதமும் குதூகலமும் இப்போது மேலெழுவது. வளர்ந்தோர் நிலை என்றால், இப்போது கண்முன் உள்ளதை உள்ளபடி பார்த்துக் கணக்கிட்டுப் பேசுவது. 'அருவா எங்கே இருக்கு?' என்று கணவன் கேட்கிறான். 'எறவாணத்துல சொருகியிருக்கு' என்று மனைவி சொன்னால், பேச்சு நேராகப் போய் நேராகத் திரும்பிற்று. 'எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பா?' என்று அவள் சொன்னால், கேள்வி ஒரு வாசலில் போய் நிற்க, பதில் வேறு வாசலிலிருந்து வருகிறது. அந்த இடத்தில் பேச்சு முறிந்து சண்டை பிறக்கிறது. அவள் அப்படிப் பதில் சொல்லக் காரணம், அருவாளைக் கேட்ட குரலிலேயே அதட்டல் ஒளிந்திருந்ததாகவும் இருக்கலாம். வார்த்தை ஒன்று, குரல் வேறு. குரலைக் கேள் என்பது பெர்ன் வைத்தியர்களுக்குச் சொன்ன பாடம்.

இவ்வளவையும் படித்துவிட்டுத் தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்திலுள்ள செய்யுளியலைத் திறக்கிறவனுக்கு வியப்பு உண்டாகும். செய்யுளுக்கு உறுப்பாக முப்பத்து நான்கைத் தொகுத்துக் கூறும் தொல்காப்பியர், அவற்றுள் எழுத்தும் அசையும் சீரும் அடியும் சொன்னதோடு நில்லாமல், கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பவற்றையும் உறுப்புகளாக வைக்கிறார். யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எந்த இடத்தில், எந்தப் பொழுதில், என்ன பயன் கருதி. பேசும்போது உடம்பில் தோன்றிய குறி யாது. சொல்லாமல் விட்டது யாது. இந்தச் சொல்லை இன்னார் இன்னாரிடம்தான் சொல்லியிருக்க முடியும் என்று எதனால் உணர்கிறோம். சொல்லாமல் விட்டதும் சொல்லின் உறுப்பே என்று கண்ட அந்த அறிவு என்னைப் பல இரவுகள் விழித்திருக்கச் செய்தது. அகப்பாட்டில் தோழி தலைவியிடம் பேசுவது, மறைவில் நிற்கும் தலைவன் காதில் விழுவதற்காக என்னும் ஏற்பாட்டை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். மேலுக்கு ஒருத்தியிடம் பேசி, உள்ளுக்கு வேறொருவனுக்குச் செய்தி அனுப்பும் இத்தகைய பேச்சுக்குப் பெர்ன் தம் சாஸ்திரத்தில் தனியிடம் ஒதுக்கியிருக்கிறார்.

இன்னொரு விஷயத்தில் அவர் சொன்னது எங்கள் பக்கத்துக் குடும்பச் சண்டைகளுக்கு உரை எழுதியதுபோல் இருக்கிறது. மனிதனுக்கு அன்னம் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் பிறர் தன்னை ஒரு பொருட்டாக மதித்துக் காட்டும் ஓர் அடையாளம் என்கிறார். தாயின் கை படாமல் விடுதிகளில் வளர்ந்த சிசுக்கள் நல்ல ஆகாரம் இருந்தும் நலிந்துபோனதை ரெனே ஸ்பிட்ஸ் என்ற வைத்தியர் 1940-களில் எடுத்துக்காட்டியிருந்தார். அந்தத் தடவலின் பசி வளர்ந்த பிறகும் நம்மைவிட்டுப் போவதில்லை. கைக்குப் பதிலாகச் சொல் வந்துவிடுகிறது, அவ்வளவே என்பது பெர்னின் கருத்து. எங்கள் ஊரில் கல்யாண வீட்டு வாசலில் ஓர் உறவினர் வந்து நிற்கிறார். ஆயிரம் ஜோலிகளுக்கு நடுவே வீட்டுக்காரர் கவனிக்கவில்லை. 'என்னை வான்னு ஒரு வார்த்தை கேக்கல' என்று திரும்பிப்போனவர், பதினெட்டு வருஷம் அந்த வீட்டு நல்லது கெட்டதில் கலந்துகொள்ளாததை நான் அறிவேன். இடையில் பங்காளிகள் எத்தனையோ சமாதானம் பேசினார்கள். நிலம், பணம், நகை எதிலும் தகராறு இல்லை. வராமற்போனது ஒரே எழுத்து: 'வா'. கடைசியில் வீட்டுக்காரரின் விதவைத் தமக்கை அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய், 'வாங்கண்ணே' என்று அவர் வீட்டிலேயே அவரை அழைத்தாள். மனுஷர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஒவ்வொருவனும் சின்னஞ்சிறு வயதிலேயே, பெற்றோர் வாயிலாகத் தனக்குக் கிடைத்த வார்த்தைகளைக்கொண்டு, தன் வாழ்க்கை இப்படித்தான் முடியும் என்று ஒரு நாடகத்தை எழுதிவைத்து, ஆயுள் முழுதும் அதை நடிக்கிறான் என்றும் பெர்ன் கூறினார். நாம் அதைத் தலையெழுத்து என்போம். எழுதியவன் பிரமன் என்று நாம் எண்ணியிருக்க, எழுதியது நீயே, உனக்கு எழுதுகோல் கொடுத்தவர்கள் உன் பெற்றோர், ஆகையால் திருத்துவதும் உனக்குச் சாத்தியம் என்கிறார் அவர்.

பெற்றோர், பிள்ளை என்ற உறவுகளைக்கொண்டு பெர்ன் பேச்சை ஆராய்வதற்கு முன்பே, உறவுச் சொற்களின் ஆராய்ச்சியில் தமிழுக்கு உலகப் பிரசித்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகர வக்கீலாகிய லூயிஸ் ஹென்றி மார்கன், தம் நாட்டுச் செவ்விந்தியரான செனக்கர் தகப்பனையும் சித்தப்பனையும் ஒரே சொல்லால் அழைப்பதைக் கண்டு, உலகெங்கும் உறவுச் சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். ஆர்க்காட்டு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்துப் பாதிரிமாரும், 1862-இல் தமிழ் அகராதி வெளியிட்ட மைரன் வின்ஸ்லோவும் அவருக்குத் தமிழ் முறைப் பெயர்களை எழுதி அனுப்பினார்கள். பெரியப்பன், சித்தப்பன், மாமன், அத்தை, மச்சான் என்று அடுக்கிய அந்தப் பட்டியலைப் பார்த்து மார்கன் அடைந்த உற்சாகத்திலிருந்தே 1871-இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. நம் முறைப் பெயர் என்பது வெறும் பெயரன்று; எப்படிப் பேசவேண்டும் என்ற கட்டளையும் அதனுள் அடங்கியிருக்கிறது. மச்சான் என்றவுடன் கேலிக்கு உரிமை. மாமனார் என்றவுடன் குரலில் அடக்கம். தாய்மாமன் என்றவுடன் பிள்ளைக்குச் சலுகை. எதிரே வருகிறவர் இன்ன முறை என்று தெரிந்துவிட்டால் எங்கள் ஊராருக்கு எந்த நிலையில் நின்று பேசுவது என்ற தடுமாற்றமே இல்லை. தெரியாதவர் வந்தால் என்ன செய்வது? அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். 'நீ' என்றால் குறைவு, 'நீங்க' என்றால் மிகை என்ற சங்கடம் நேரும்போது, ஆளையே விட்டுவிட்டு, 'சாப்பாடு ஆச்சா?', 'ஊரு எந்தப் பக்கம்?' என்று கேட்டு நிறுத்திக்கொள்வார்கள். எழுவாயே இல்லாத அந்தக் கேள்விகளில் எவ்வளவு நாகரிகம் அடங்கியிருக்கிறது!

ஆனால் முறைப் பெயரின் வட்டத்துக்கு வெளியே ஒரு பெருங்கூட்டத்தையே நிறுத்திவைத்த சமூகம் இது என்பதையும் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு பொய்யாகும். பழைய தென்னார்க்காட்டுக் கிராமங்களில் நிலம் உழுத பண்ணையாளுக்கு நிலக்காரர் 'ஆண்டை'. ஆண்டையின் மகன் தொட்டிலில் கிடந்தாலும் 'சின்ன ஆண்டை'. நரைத்த தலையை அந்தக் குழந்தை 'டேய்' என்று கூப்பிட்டால், துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்து 'சாமி' என்று பதில் சொல்ல வேண்டும். பெர்னின் மொழியில் சொன்னால், ஒரு ஜாதிக்கு முழுவதும் பெற்றோர் நிலையும் மற்றொரு ஜாதிக்கு முழுவதும் பிள்ளை நிலையும் பிறப்பிலேயே பட்டா செய்து கொடுக்கப்பட்டிருந்தன. அவர் வர்ணித்த மனிதர்கள் ஒரு க்ஷணம் பிள்ளையாகி மறு க்ஷணம் வளர்ந்தவராகத் திரும்பும் சுதந்திரம் உடையவர்கள். வளர்ந்தவனாகப் பேசினால் அடி விழும், கூலி நிற்கும், குடிசை எரியும் என்ற நிலையில் இருப்பவனுக்கு அந்தச் சுதந்திரம் எங்கிருந்து வரும்? அவருடைய சித்தாந்தத்தில் எனக்குள்ள குறை இதுவே: இருவரும் ஒரே தரையில் நிற்கிறார்கள் என்று அது முதலிலேயே எடுத்துக்கொண்டுவிடுகிறது. தரையின் மேடுபள்ளத்தைத் தொல்காப்பியர் பார்த்தார். அதை மாற்றலாம் என்பதை அவர் சொல்லவில்லை.

மாற்றலாம் என்றவர்கள் பிறகு வந்தார்கள். ரஷ்யா முதலிய தேசங்களைச் சுற்றிவிட்டு 1932-இல் திரும்பிய பெரியார் ஈ.வெ.ராமசாமி, மகாராஜராஜஸ்ரீ, ஸ்ரீஜத் முதலிய அடைமொழிகளையெல்லாம் தள்ளிவிட்டு, எல்லோரையும் 'தோழர்' என்றே அழைக்கும்படி தம்மைச் சார்ந்தவர்களைக் கேட்டுக்கொண்டார். 1967-இல் அண்ணாதுரையின் மந்திரிசபை அரசாங்கக் காகிதங்களில் 'ஸ்ரீ'யை எடுத்துவிட்டுத் 'திரு' என்று எழுதச் செய்தது. கச்சேரிக் காகிதத்தில் தம் பெயருக்கு முன்னே 'திரு' என்று முதன்முதல் எழுதக்கண்ட பண்ணையாள் ஒருவர், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த தம் பேரனை அந்த ஒரு சொல்லை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். 'தா' என்னும் ஒப்போன் சொல் நம் நாட்டில் வளர்ந்த வரலாறு இலக்கண நூல்களில் இல்லை; இத்தகைய காகிதங்களில் இருக்கிறது.

பெர்னின் சாஸ்திரம் புத்தகமாக அன்றிப் பயிற்சியாக இந்தியாவுக்கு வந்தது 1970-களில். கொச்சியில் ஜார்ஜ் கண்டத்தில் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் அதை வேரூன்றச் செய்தார். கோயம்புத்தூர், சென்னை முதலிய நகரங்களுக்கும் அது பின்னர் பரவிற்று. அங்கெல்லாம் படித்தவர்கள் வட்டமாக அமர்ந்து, பெரும்பாலும் இங்கிலீஷிலேயே, தம் உள்ளிருக்கும் மூவரையும் பற்றிப் பேசுகிறார்கள். தமிழில் பேசினால் இன்னும் ஆழமாகப் போகும் என்பது என் அபிப்பிராயம்; இங்கிலீஷில் எல்லோரையும் ஒரே சொல்லால் அழைத்துவிடலாம், தமிழில் வாயைத் திறந்தவுடனே நீ, நீர், நீங்கள் என்று எந்த நிலையில் நிற்கிறோம் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறோம்.

எங்கள் பகுதியிலும் காலம் மாறியிருக்கிறது. விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை வந்தபின், சக்கரத்துக்குப் பதில் அச்சு வந்தது. கரைத்த மண்கூழை அச்சில் வார்த்து, காய்ந்ததும் பிரித்தெடுத்து, விளிம்பைத் தேய்த்து, வர்ணம் பூசிச் சூளைக்கு அனுப்புகிறார்கள். கொட்டகைக்குள் பல ஊர்ப் பெண்களும் பல ஜாதி ஆண்களும் அக்கம்பக்கமாக அமர்ந்து வேலை செய்கிறார்கள். 'அக்கா, அந்தத் தூரிகையைக் குடுங்க', 'இந்தாம்மா' என்ற பேச்சே காதில் விழுகிறது. இலக்கணப்படி அது உயர்ந்தோன் சொல்லாகிய 'கொடு'தான். ஆயினும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட 'ங்க' அதன் அதிகாரத்தை அடியோடு கரைத்துவிட்டது. தமிழ்நாட்டின் வடபகுதியான எங்கள் பக்கத்து வழக்கில், கேட்கும் சொல்லாகத் 'தா' ஏறக்குறைய மறைந்து, 'குடு' ஒன்றே எல்லா நிலைக்கும் நிற்கிறது. தாழ்ந்தோன் சொல்லாகிய 'ஈ' பேச்சிலிருந்து முற்றும் ஒழிந்து, ஈகை, ஈவிரக்கம் என்று கொடுப்பவனின் குணமாக மாத்திரம் தங்கியிருக்கிறது.

அந்தப் பொங்கல் பானையைக் கொண்டுபோய்ப் பாட்டியிடம் வைத்தபோது, எப்படிக் கேட்டு வாங்கினாய் என்று அவள் சாதாரணமாகத்தான் விசாரித்தாள். நான் சொன்னேன். அவள் பானையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் குயவர் வாசலுக்கு நடந்தாள். வெயில் ஏறியிருந்தது. "பெரியவரைக் கூப்பிட்டு ஒழுங்காக் கேளு" என்றாள். நான் பானையை அவருடைய திண்ணையில் வைத்துவிட்டு, அழுகைக்கு நடுவே, "தாத்தா, ஒரு பானை தாங்க" என்றேன். அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன் போலும். அவர் திடுக்கிட்டு எழுந்து, தெருவின் இரு பக்கமும் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். "அம்மா, பிள்ளையை அப்படிச் சொல்ல விடாதீங்க, பெரியய்யா காதுல விழுந்தா எனக்குத்தான் ஆகாது" என்று தணிந்த குரலில் பாட்டியிடம் சொன்னார். பிறகு அவசர அவசரமாகப் பானையை எடுத்து என் கையில் வைத்தார். அந்தத் தடவை தட்டிப் பார்க்கவில்லை.